பெட்டியில் பிறந்த பண்

சிங்கப்பூரின் வடபகுதியில் இன்று அடுக்குமாடி வீடுகள் செறிந்த நகராக விளங்கும் ஈசூன், ஒரு காலத்தில் ரப்பர்க் காடுகளும் அன்னாசித் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. அத்தோட்டங்களால் பெருஞ்செல்வம் ஈட்டிய லிம் நீ சூன் (1879–1936) என்னும் வணிகரின் பெயரே அவ்வூருக்கு வாய்த்தது. அப்பெயரின் மாண்டரின் ஒலிப்பே ‘ஈசூன்’ என்பது. அதற்கு வடக்கே செம்பவாங்கில் 1938ஆம் ஆண்டு பிரித்தானியர் கடற்படைத் தளத்தைத் திறந்தனர். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் அத்தளத்தில் உழைத்தனர். படைவீரர்களோடு பீரங்கிகள் மட்டும் இங்கு வரவில்லை. அவர்களுடைய பாட்டும் கித்தாரும் உடன் வந்தன.

கித்தார் என்றதும் பளபளக்கும் கடைக் கருவியே நினைவுக்கு வரும். ஆயின், அதன் வரலாற்றில் ஏழை ஒருவன் தன் கையால் செய்துகொண்ட பெட்டிக் கித்தாருக்கும் ஒரு சிறந்த இடம் உண்டு. அமெரிக்காவில் 1860களில் சுருட்டுகளைக் குறித்த எண்ணிக்கையில் பெட்டியிலிட்டு விற்கவேண்டும் என்று வரிச்சட்டம் வகுக்கப்பட்டது. சுருட்டு தீர்ந்தபின் மெல்லிய மரப்பெட்டிகள் எஞ்சின. அவற்றில் ஒரு கோலைச் செருகிக் கம்பி கட்டினர் எளிய மக்கள். அந்நாட்டின் உள்நாட்டுப் போரை நேரிற்கண்ட ஓவியர் எட்வின் ஃபோர்ப்ஸ் 1876இல் வெளியிட்ட படமொன்றில், பாசறையில் வீரன் ஒருவன் சுருட்டுப் பெட்டியால் செய்த பிடிலை வாசிக்கக் காண்கிறோம். ஜாஸ் இசையில் மின்கித்தாருக்குத் தனியிடம் தேடித் தந்த சார்லி கிறிஸ்டியன் (1916–1942), தொடக்கப்பள்ளிச் சிறுவனாக இருந்தபோது சுருட்டுப் பெட்டிகளால் கித்தார் செய்தவரே.

இத்தகைய முயற்சி தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் ஆயர் சிறுவன் ஒருவன் வருகிறான். மூங்கிலில் நெருப்புக் கொள்ளியால் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது சலித்ததும், உட்டுளையுள்ள குமிழங்கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி யாழாக்கி மீட்டுகிறான். காசு கொடுத்து வாங்கிய பொருள் அதில் ஒன்றும் இல்லை. காட்டில் கிடைத்த கொம்பும் நாரும், அவனுடைய செவியுமே மூலதனம். யாழின் இலக்கணத்தை ஆய்ந்து ‘யாழ் நூல்’ கண்ட விபுலாநந்த அடிகள் அதனை 1947இல் அரங்கேற்றினார். பேரரசர் அவையில் இருந்த பேரியாழுக்கும் அவ்விடையன் கை வில்யாழே முன்னோடி என்பது எண்ணத் தக்கது.

பெட்டிக் கித்தாரின் அமைப்பு எளியது. வீணைக்குக் குடம் எப்படியோ, இதற்குப் பெட்டி அப்படி. தனித்து அதிரும் கம்பி காற்றை மிகச் சிறிதளவே அசைக்கும். அவ்வதிர்வு குதிரை வழியாகப் பெட்டியின் மெல்லிய பலகைக்கு இறங்கும்போதுதான் ஓசை செவிக்கு எட்டும். பெட்டியின் ஊடே ஒரு கோலைச் செலுத்தி, ஒரு முனையில் கம்பிகளை முடிந்து, மறுமுனையில் பிரடைகளால் முறுக்கவேண்டும். மூன்று கம்பிகள் கட்டுவோர் அவற்றைச் சட்சம், பஞ்சமம், மேற்சட்சம் எனச் சுருதி கூட்டுவதுண்டு. நம் தம்புராவில் ஒலிக்கும் சுரங்களும் அவையே!

மெட்டுகளை அமைப்பதில்தான் கணக்கு வேண்டும. கம்பியின் அதிரும் நீளம் 600 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அதனை 17.817ஆல் வகுத்தால் வரும் ஏறத்தாழ 33.7 மில்லிமீட்டர் தொலைவில் முதல் மெட்டு அமையும். எஞ்சிய நீளத்தை அதே எண்ணால் வகுத்து அடுத்ததை வைக்கவேண்டும். இவ்வாறே செல்ல, ஏழாம் மெட்டு மூன்றில் ஒரு பங்கை அணுகிப் பஞ்சமம் தரும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியான 300 மில்லிமீட்டரில் நின்று மேற்சட்சம் தரும். தஞ்சை வீணைக் கலைஞரோ 24 மெட்டுகளையும் மெழுகின்மேல் வைத்துச் செவியாலேயே அளந்து நிறுத்துவர். ஒன்று கணக்கின் வழி; மற்றொன்று கேள்வியின் வழி. இரண்டும் சென்று சேரும் இடம் இசையே.

சுருட்டுப் பெட்டிக்கு ஓர் உறவுப் பெட்டியும் உண்டு. 1950களின் நடுவில் இங்கிலாந்தில் ‘ஸ்கிஃபிள்’ என்னும் எளிய இசை பரவியது. தேயிலை வந்த பெரிய ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கழியை நிறுத்தி, ஒற்றைக் கயிற்றைக் கட்டி, அதனைத் தாழ்குரல் கருவியாக்கினர் இளைஞர். கழியைச் சாய்த்து இழுக்கக் கயிறு இறுகிச் சுரம் உயரும். பின்னாளில் ‘பீட்டில்ஸ்’ எனப் புகழ்பெற்ற குழுவின் முன்வடிவான ‘குவாரிமென்’ குழுவிலும் இத்தேயிலைப் பெட்டி ஒலித்தது. அக்காலத்தில் இங்கிலாந்து அருந்திய தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்தது. இலங்கை மலையகத்தில் அதனைக் கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள். அவர்கள் நிரப்பி அனுப்பிய பெட்டி கடல் கடந்து இசைக்கருவியானது. பாடியவர் பெயரை உலகம் அறியும். பெட்டியை நிரப்பியவர் பெயரை எவர் அறிவார்?

சிங்கப்பூரிலும் கித்தார் அலை எழுந்தது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷேடோஸ்’ குழுவினரும் இங்கு வந்து இசைத்தபின் இளைஞரிடையே குழுக்கள் பெருகின. குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘குவெஸ்ட்ஸ்’ குழு, 1964இல் ‘ஷாண்டி’ என்னும் தன் இசைத்தட்டால், உள்ளூர் விருப்பப் பட்டியலில் பீட்டில்ஸின் பாடலையே முதலிடத்திலிருந்து இறக்கியது. பிரித்தானியப் படைத்தள மன்றங்கள் இத்தகைய குழுக்களுக்கு மேடையும் ஊதியமும் அளித்தன. 1971ஆம் ஆண்டின் இறுதியில் படைகள் விலகியபோது அம்மேடைகளும் மறைந்தன. அதனையடுத்த ஆண்டுகளில் ரப்பர்க் காடுகள் இருந்த இடத்தில் ஈசூன் புதுநகர் எழுந்தது.

இன்று அந்நகரின் சிறுவன் விரும்பினால் கித்தாரைக் கடையில் வாங்கலாம். அது நற்பேறே. எனினும், வாங்கிய கருவி வாசிப்பை மட்டுமே கற்பிக்கும். செய்த கருவியோ மரத்தின் இயல்பையும், எண்ணின் ஒழுங்கையும், பிழையைத் திருத்தும் பொறுமையையும் சேர்த்துக் கற்பிக்கும். மெட்டு ஓர் இழை பிறழ்ந்தாலும் சுரம் பொய்த்துவிடும். யாரையும் குறைகூற இயலாது, மீண்டும் அளக்கவேண்டியதுதான். ஆயர் சிறுவன் குமிழங்கொம்பில் கற்றதும், ஓக்லஹோமாச் சிறுவன் சுருட்டுப் பெட்டியில் கற்றதும் இதுவே. வறுமை அவ்விருவரிடமிருந்தும் கருவியைப் பறிக்கக்கூடும். கருவி செய்யும் கையைப் பறிக்க முடியவில்லை. அக்கையைப் பழக்காது விட்டுவிட்டால், வளமே அதனைப் பறித்துவிடும்.