ஒரு பொலிகாளையின் சந்ததி

கறவைக்குப் பசுவை மட்டும் பார்ப்பவர் உளர்; பொலிகாளையைப் பார்ப்பவர் சிலரே. அமெரிக்க நாட்டு நெப்ராஸ்கா மாகாணத்தில் 1962-ஆம் ஆண்டிற் பிறந்த ‘ஆர்லிண்டா சீப்’ என்னும் ஹோல்ஸ்டீன் ஜாதிக் காளையின் சரித்திரம் இங்கு நோக்கத்தக்கது. செயற்கைக் கருவூட்டலின் உதவியால் இதன் பெண் சந்ததி மகள்கள் 16,000, பேத்திகள் 5,00,000, கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்திற்கு மேல் என வளர்ந்தது. இதனாற் பெருகிய பாலின் மதிப்பை 3,000 கோடி டாலர் என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர்.

ஆயினும் அவ்வுடலில் ஒரு குறையும் மறைந்திருந்தது. அதிலிருந்த மரபணுப் பிழை தாய்வழி, தந்தைவழி இரண்டாலும் வந்து கூடினால் கரு வயிற்றிலேயே அழியும். நாம் சம்பந்தம் பேசுமுன் கோத்திரம் விசாரிக்கிறோம்; இங்கோ ஒரே காளையின் இரத்தம் எங்கும் பரவிவிட்டபடியால் விலக்குவது அரிதாயிற்று. சுமார் 5,25,000 கருக்கள் இவ்வாறு மாண்டன. நஷ்டம் 42 கோடி டாலர் என்பர். லாபத்தின்முன் இஃது அற்பமே. சினை கலைந்த பசுவுக்குத் தீனியிட்டவனுக்கோ அற்பமன்று.

2011-இல் இக்குறையின் அடையாளமும், 2016-இல் அதன் மூலமும் வெளியாயின. அதனால் அவ்வம்சத்தை ஒழித்தாரில்லை. சோதித்தறிந்து, குறையுடைய காளையின் விந்தைக் குறையுடைய பசுவுக்குச் செலுத்தாது விலக்குகின்றனர்.