இரண்டு பேருடைய லீவு

"வீடு போ போ எண்டுது, காடு வா வா எண்டுது" என்று ஊரில் வயது போனவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் ஹோம்புஷில் குடியேறிய புதிதில் எம்மவர் ஒருவர் இந்த இடத்துப் பெயரின் பொருளைக் கேட்டறிந்துவிட்டு, "வீட்டையும் காட்டையும் ஒண்டாச் சேர்த்து வைச்சிருக்கிறாங்கள், இனி ஆர் எங்க போறது?" என்று பகிடி விட்டார். 1790 இல் சிட்னிக்கு வந்த டார்சி வென்ட்வேர்த் என்ற ஐரிஷ் வைத்தியருடைய பண்ணையின் பெயர் அது. 1855 இல் சிட்னிக்கும் பரமட்டாவுக்கும் இடையில் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது வழியில் இருந்த ஒருசில ஸ்டேஷன்களில் ஹோம்புஷும் ஒன்று. காரில்லாத எங்களை இங்கே இழுத்ததும் அந்த ஸ்டேஷன்தான்.

அந்த நாட்களில் சனிக்கிழமைகளில் தமிழ்க்கடையில் சாமான் வாங்க நிற்கும்போது ஒரே கேள்விதான் கேட்கும். "எப்ப ஊருக்கு?" பதிலும் ஒன்றுதான். "லோங் சேர்விஸ் வரட்டும்." தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதுபோல அந்த லீவு பிறந்தால் எல்லாம் நடக்கும் என்று நம்பியிருந்தோம். எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு உலகப்படம் தொங்கியது. கொழும்பு, யாழ்ப்பாணம், சிதம்பரம், பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று பேனையால் கோடிட்டு வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் மூன்று மாதம், மற்ற இடங்களில் சகோதரங்கள் சிதறிப்போன ஒழுங்கில் மற்றொரு மூன்று மாதம். ஆறு மாதப் பயணம்.

எங்களில் ஒருவருக்கு 2002 இல் ஒரே வேலைத்தலத்தில் பத்து வருடம் நிறைந்தது. அந்த ஆண்டு பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரிலில் ஏ-9 பாதையும் திறந்தது. பாதையும் லீவும் ஒருசேர வந்தது எங்களுக்குக் கோயில் மணி கேட்டதுபோல இருந்தது. மற்றவர் ஊரில் கணித ஆசிரியை. இங்கே பொதி கட்டும் வேலையிலிருந்து தொடங்கி, இரவுப் பள்ளியில் கணக்கியல் படித்து, நான்கு இடம் மாறி, ஐந்தாவது இடத்தில் ஒரு மேசையும் கதிரையும் கிடைத்து ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. மேலாளரிடம் கேட்டபோது, சம்பளமில்லாமல் போகலாம், திரும்பி வரும்போது அந்த மேசை இருக்குமென்று சொல்லமுடியாது என்று பதில் வந்தது.

"இஞ்சருங்கோ, உங்களுக்குப் பத்து வருஷம் முடிஞ்சுது. எனக்கு இப்பதான் முதலாம் வருஷம். நீங்கள் லீவில போறியள், நான் வேலையை விட்டிட்டு வரவேணும். ரெண்டும் ஒரே பயணமோ?"

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. பின்னாளில்தான் இந்த லீவின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தோம்.

இந்த லீவு பயணத்துக்கென்றே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுஸ்திரேலியாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர்களுக்கு "ஊர்" இங்கிலாந்து. பாய்க்கப்பலில் போக மூன்று மாதமளவு, வர மூன்று மாதமளவு. வருடாந்த லீவில் அது நடவாத காரியம். 1862 இல் விக்டோரியாவில் வந்த சட்டம், பத்து வருடம் சேவை செய்த அரச ஊழியருக்கு அரைச் சம்பளத்தில் 12 மாத லீவு கொடுத்தது. தொழிற்சங்கங்களின் காலம் வந்தபிறகு இது சாதாரண தொழிலாளருக்கும் இறங்கி வந்தது. 1951 இல் நியூ சவுத் வேல்ஸ் இதில் முன்னோடியானது. 1955 இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. இன்று இந்த மாநிலத்தில் ஒரே முதலாளியிடம் பத்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு இரண்டு மாதம் சம்பளத்துடன் லீவு. அரச ஊழியர் அதை அரைச் சம்பளத்தில் நான்கு மாதமாகவும் எடுக்கலாம்.

ஆகவே, ஊருக்குப் போய்வர ஏங்கிய குடியேறிகளின் லீவு இது. எங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலத் தோன்றும். ஆனால் தைத்தவர் ஒரு குடும்பத்தில் ஒரு உத்தியோகத்தைத்தான் அளந்திருந்தார். கணவனுக்கு லீவு கிடைத்தால் மனைவி பெட்டி கட்டுவாள் என்பதே அன்றைய கணக்கு. 1966 வரைக்கும் அவுஸ்திரேலிய மத்திய அரச சேவையில் இருந்த பெண் திருமணம் செய்தால் நிரந்தரப் பதவியை விடவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இது விளங்கும். இரண்டு பேரும் உழைக்கும் வீட்டில் இரண்டு மணிக்கூடுகள் ஓடுகின்றன. வேலை மாறும்போதெல்லாம் ஒன்று திரும்பப் பூச்சியத்துக்கு வருகிறது. ஊர்ச் சான்றிதழை இங்கே மறுபடி நிறுத்துப் பார்த்த காலத்தில் அடிக்கடி இடம் மாறியவர்கள் நாங்கள்தான். இந்தக் குறையைச் சட்டமும் பிற்பாடு ஓரளவு உணர்ந்தது. ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்வோர் முதலாளி மாறினாலும் வருடங்களைக் கூட்டிக்கொள்ள நியூ சவுத் வேல்ஸில் 2011 யூலையிலிருந்து வழி பிறந்தது. பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இரவில் கந்தோர்கள் கூட்டித் துடைத்த எம்மவரில் பலருக்கு அது பிந்தி வந்த நியாயம்.

மூன்று கிழமை வருடாந்த லீவில் எங்களில் ஒருவர் மட்டும் 2003 இல் ஊருக்குப் போனார். விறாந்தையில் இருந்த தாயார் முதலில் கேட்டது, "பிள்ளை வரேல்லையோ?" என்றுதான். காரணத்தைச் சொன்னதும் அவர் தன் தாயின் கதையைச் சொன்னார்.

அது மலாயாக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் புகையிரதப் பாதைகள் நீண்டபோது, மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கிளாக்கர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கப்பலேறினார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும் என்ற காலம். சிலர் குடும்பத்தைக் கூட்டிப் போனார்கள். சிலருடைய மனைவிமார் காணியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார்கள். லீவில் வந்து கலியாணம், அடுத்த லீவில் பிள்ளையின் முகம், அதற்கடுத்த லீவில் கல்வீடு. இடையில் 1941 டிசம்பரில் யப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1945 வரை கடிதமும் இல்லை, காசும் இல்லை. "என்ரை அம்மா லீவை எண்ணி எண்ணியே கிழவியானவ. நீ அவளை வேலையை விடச் சொல்லாதை மோனை. ரெண்டு பேரும் சேர்ந்து வாற காலம் வரட்டும்" என்றார்.

லீவும் கலியாணமும் மோதிக்கொண்ட இன்னொரு கதையும் யாழ்ப்பாணத்தோடு தொடர்புடையது. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகத்தராக வந்த லெனாட் வுல்ஃப், கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமை பார்த்துவிட்டு 1911 மே மாதத்தில் ஒரு வருட லீவில் இங்கிலாந்து போனார். அங்கே வேர்ஜீனியா ஸ்டீஃபனை மணக்க விரும்பினார். அவர் அப்போது தன் முதலாவது நாவலை எழுதிக்கொண்டிருந்தார், உடனே சம்மதம் சொல்லவில்லை. வுல்ஃப் லீவை நீடிக்கக் கேட்டார். காரணம் கேட்ட அதிகாரிகளுக்கு அவர் காரணம் சொல்லவில்லை. 1912 மே மாதத்தில் உத்தியோகத்தையே விட்டார், அந்தப் பெண் 'ஓம்' சொல்வதற்கு முன்னரே. அதே ஆண்டு ஓகஸ்டில் திருமணம். அவருக்கு ஏகாதிபத்திய ஆட்சியில் சலிப்பும் ஏற்பட்டிருந்தது. அவர் ஆளவந்தவர், நாங்கள் ஓடிவந்தவர்கள் என்ற வித்தியாசமும் சிறியதல்ல. விட்ட உத்தியோகத்துக்குப் பதில் எழுத்தாலும் பதிப்பாலும் வாழும் ஒரு வழி அவருக்குத் திறந்தது. எங்களுக்கு அந்த மேசையை விட்டால் மறுபடி பொதி கட்டும் இடந்தான்.

வுல்ஃப் உத்தியோகத்தை விட்டார். மலாயாக்காரர் சேர்ந்து வாழ்வதை விட்டார்கள். நாங்கள் பயணத்தை விட்டோம், அதுவும் ஒத்திப்போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே விட்டோம். 2006 இன் கடைசியில் இருவருமாகப் போவதென்று தீர்மானித்திருந்தோம். ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்டது. அடுத்த ஆண்டு தாயார் காலமானார். செய்தி தொலைபேசியில் வந்தது, செத்தவீட்டுக்குப் போகமுடியவில்லை. பிறகு பல வருடங்களாக எங்கள் வீட்டில் ஒருவர் மற்றவரைக் குற்றம் சொல்லவில்லை. அது பெருந்தன்மை அல்ல. அந்தப் பேச்சை எடுக்கவே இருவருக்கும் பயம்.

2009 இல் முதலாமவரின் வேலைத்தலம் மூடப்பட்டு, எடுக்காத லீவு காசாக வந்து வீட்டுக்கடனுக்குள் போய்விட்டது. 2011 இல் மற்றவருக்குப் பத்து வருடம் நிறைந்தபோது முதலாமவர் புது இடத்தில் புதியவர். 1956 இல் ஓடத்தொடங்கி 1990 இல் நின்றுபோன யாழ்தேவி, 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் போனது. அதற்கு இரண்டு வருடம் கழித்து ஐந்து கிழமை லீவில் அதிலேறி இருவரும் ஒன்றாகப் போனோம். அந்த விறாந்தையில் வேறு யாரோ இருந்தார்கள். வரச்சொல்லித் தேத்தண்ணீர் தந்தார்கள்.

அங்கிருந்து திரும்பிய இரவுதான் பயந்து வைத்திருந்த பேச்சை எடுத்தோம். மேசையை விடாதது பிழையா என்று ஒருவர் கேட்டார். பிழையில்லை என்று மற்றவர் சொன்னார். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். 2002 இல் நாங்கள் பயணத்தைப் பற்றியே பேசினோம், வேலையைப் பற்றிப் பேசவில்லை. ஒருவரின் ஆசையை இருவருடையதாகவும், மற்றவரின் கவலையை அவருடையதாக மட்டும் எண்ணிக்கொண்டோம். உண்மையான பிழை அதுதான். அன்று கோடிட்டவர் ஒருவரே. பேனை மற்றவர் கைக்குப் போகவில்லை.

அண்மையில் தமிழ்க்கடையில் ஒரு இளம் சோடி, ஒரு வருடம் உலகம் சுற்றப்போவதாகச் சொன்னார்கள். பெண் வைத்தியசாலையில் பயிற்சியில் இருக்கிறாள், இடையில் விட்டால் என்னாகுமோ என்று அவளுக்கு யோசனை. எங்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். போங்கோ என்றோ போகவேண்டாம் என்றோ நாங்கள் சொல்லவில்லை. முதலில் யார் யாருக்கு எத்தனை வருடம் முடிந்திருக்கிறது, எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று ஒரு தாளில் இருவருமாக எழுதிப் பாருங்கோ, உலகப்படத்தை அதற்குப் பிறகு வாங்குங்கோ என்றோம்.

எங்கள் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. வேலை எங்கள் இருவருக்கும் முடிந்துவிட்டது, இனி லீவு கேட்க ஆளில்லை. பழைய கோடுகளில் ரொறன்ரோவை ஒருவர் அழித்திருக்கிறார், முழங்கால் நோவுக்கு அந்தக் குளிர் ஆகாதாம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மற்றவர் தன் கையால் ஒரு ஊரைச் சேர்த்திருக்கிறார். ஏன் அந்த ஊர் என்று இம்முறை கேட்டோம்.