ஈறு நோயும் உடல்நலமும்

பல்லும் ஈறும் சேருமிடத்தில் படியும் பாக்டீரியப் படலத்தால் தொடங்கும் அழற்சியே ஈறு நோய். முதலில் ஈறு சிவந்து வீங்கும், பல் துலக்கும்போது ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் முழுதும் குணமாகும். கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, ஈறு பல்லிலிருந்து விலகிக் குழியாகும். மில்லிமீட்டர் கோடிட்ட மழுங்கிய கம்பியை ஈறோரம் செலுத்திப் பல் மருத்துவர் அந்தக் குழியை அளக்கிறார். 3 மி.மீ. வரை இயல்பு.

கிருமி மட்டுமே காரணமென்றால் துலக்காத வாயெல்லாம் ஒன்றுபோலக் கெட வேண்டும். ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ அவர்களுக்கு இல்லை. (சிகிச்சை தராமல் பார்த்துக்கொண்டே இருந்த இந்த ஆய்வுமுறை இன்றும் உறுத்துகிறது.) எல்லோர் பல்லிலும் காரை (இறுகிக் கெட்டியான படலம்) படிந்திருந்தும், சுமார் 8 விழுக்காட்டினருக்கே நோய் வேகமாக முற்றியது, 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது, 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஆக, கிருமி நோயைத் தொடங்கி வைக்கிறது; எவ்வளவு தூரம் போகும் என்பதை உடல் தீர்மானிக்கிறது.

உடலின் பங்கு நீரிழிவில் தெளிவாகத் தெரிகிறது. 1993இல் அதே ஹரால்ட் லோ ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்றார். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறின் அழற்சி இன்சுலினின் வேலையைத் தடுக்கும். ஈறுகளுக்குச் சிகிச்சை அளித்தால் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) சராசரியாக 0.43 விழுக்காட்டுப் புள்ளி குறைவதாக பல ஆய்வுகளைத் தொகுத்த 2022இன் கோக்ரேன் மதிப்பாய்வு கணித்தது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றும் சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தைக் கவனிக்கச் சொல்ல ஆளுண்டு. ஈறுகளைக் காட்டச் சொல்பவர் அரிது.

ஈறு நோய் உடல் முழுவதையும் பாதிக்கும் என்பது மிகை என்பாருக்கும் ஆதாரம் உண்டு. ஈறு நோய் மாரடைப்புக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது. கர்ப்பகாலத்தில் ஈறு சிகிச்சை அளித்தும் குறைப்பிரசவம் குறையவில்லை என்று 2006இன் அமெரிக்க ஆய்வு கண்டது. எல்லா நோய்க்கும் வாயைப் பழித்து, நல்ல பற்களையும் கூட்டமாகப் பிடுங்கிய காலம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தது. இதயத்துக்கும் கர்ப்பத்துக்கும் இந்த எச்சரிக்கை நியாயமே. நீரிழிவுக்குப் பொருந்தாது, அங்கே சிகிச்சையே பலனைக் காட்டியிருக்கிறது.

இதற்கு மருத்துவர் எதற்கு, வேப்பங்குச்சி போதாதா என்பார்கள். மென்படலத்தை அது தேய்த்தெடுக்கும். ஈறுக்கடியில் இறுகிய காரையை எடுக்கக் குச்சியாலும் பிரஷ்ஷாலும் முடியாது. மருத்துவர் காரையை எடுத்துச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பயமும் பரவலாக உண்டு. ஆட்டத்துக்குக் காரணம் ஏற்கெனவே கரைந்துபோன எலும்பு. காரை அதுவரை அதை மறைத்திருந்தது.