பெயரை மொழிபெயர்த்தவர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நம்மில் பலர் பெயரைச் சுருக்கிவிடுகிறோம். திருச்செல்வன் 'செல்' ஆகிவிடுவார், மின்னஞ்சலிலும் அதுவே ஒட்டிக்கொள்ளும். அது வசதிக்காக. தன் 40 வயதில், படித்தவர்கள் எல்லோரும் அறிந்த தன் பெயரை வேண்டுமென்றே விட்ட ஒருவரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

1876இல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர் வேதாசலம். திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். அப்பா இறந்ததும் பள்ளிப்படிப்பு நின்றது. கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாமலே 1898இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். (முதுகலைப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கும் எனக்கு இது கொஞ்சம் உறுத்தும்.) 1902இல் 'ஞானசாகரம்' என்ற இதழைத் தொடங்கினார். 1907இல் காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். வடமொழி தெரியாமல் அதை வெறுத்தவர் அல்லர்.

1916இல் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். மகள் நீலாம்பிகையோடு இருக்கும்போது வள்ளலார் பாட்டு ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுகிறது, அதில் 'தேகம்' என்ற சொல் வருகிறது. அந்த இடத்தில் 'யாக்கை' என்ற தமிழ்ச்சொல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்றாராம். இரண்டுக்கும் பொருள் உடம்புதான். அந்தப் பேச்சிலிருந்து, வடசொல் கலவாமல் எழுதுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். தனித்தமிழ் இயக்கம் அப்படிப் பிறந்தது.

முதலில் தன் பெயரில் கைவைத்தார். வேதம் மறை ஆனது, அசலம் மலை ஆனது, சுவாமி அடிகள் ஆனது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். கவனித்தீர்களா? பெற்றோர் வைத்த பொருள் அப்படியே இருக்கிறது. ஞானசாகரம் 'அறிவுக்கடல்' ஆனது. மகன்களில் திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தன் பெயரை மாற்றலாம், பிள்ளைகளின் பெயர் அவர்களுடையது அல்லவா?

பெயர் மாற்றுவது ஒரு நாள் வேலை. அதற்குள் 40 வருடப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. அச்சில் வந்த புத்தகங்கள் வேறு இருக்கின்றன. 1903இல் வெளிவந்த முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை போன்ற தன் பழைய நூல்களை எடுத்து, பின்வந்த பதிப்புகளில் வடசொற்களைக் களைந்து வேறு சொற்களை வைத்தார். பத்து வருடத்துக்கு முன் எழுதிய நிரலைத் திறந்து திருத்தியவர்களுக்கு இந்த வேலை தெரியும். புதிதாக எழுதிவிடுவது எளிது. பழையதில் ஒரு சொல்லை எடுத்தால் வாக்கியமே சாயும், ஓசை கெடும், பக்கத்து வரியையும் தொட வேண்டிவரும். அன்று எழுதிய ஆளோடு ஒவ்வொரு வரியிலும் வாதாட வேண்டும். அந்த ஆளும் நாம்தான்.

நீலாம்பிகையும் கூடவே உழைத்தார். வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களைத் திரட்டி ஓர் அகரவரிசையே தந்தார். ஆனால் அவரை இன்றும் நீலாம்பிகை அம்மையார் என்றுதான் சொல்கிறோம்.

அடிகள் 1950இல் மறைந்தார். சேர்த்து வைத்த நூல்கள் பிறகு சென்னையில் அவர் பெயரிலேயே பொது நூலகம் ஆயின. பல்லாண்டுகளாக நாட்குறிப்பும் எழுதிவந்தார். அதை எழுதியது ஆங்கிலத்தில். அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.