வராதவர்களை எண்ணிய மருத்துவமனை: மதுரை அரவிந்தில் புத்தாக்கத் திறன் வளர்ந்த வரலாறு, 1976–2017

முன்னுரை

ஒரு நிறுவனம் ஒருமுறை புதுமை செய்வது வேறு. தலைமுறை மாறிய பிறகும் புதுமை செய்துகொண்டே இருப்பது வேறு. முன்னதற்கு ஒரு மேதையோ நல்ல வாய்ப்போ போதும். பின்னதற்கு நிறுவனத்துக்குள்ளேயே ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டை மேலாண்மை ஆய்வுகள் பெரும்பாலும் பெருந்தொழில் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களை வைத்தே விளக்கி வந்துள்ளன. ஆய்வுக்கூடமும் பெருமுதலும் இல்லாமல் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு வேறொரு விளக்கம் தருகிறது. அங்கே நிகழ்ந்த பெரிய மாற்றங்கள் பலவும், சிகிச்சை இன்னும் யாரை எட்டவில்லை என்ற கணக்கிலிருந்து தொடங்கின. அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு ஒவ்வொரு முறையும் ஒரு நிரந்தர அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்ததே அரவிந்தின் புத்தாக்கத் திறன் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேலையைப் பிரித்த காலம்

கோவிந்தப்ப வெங்கடசாமி ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான மூட்டுவாதத்துக்கு ஆளானார். விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தை விட்டுக் கண் மருத்துவம் பயின்ற அவர், அந்த விரல்களாலேயே அறுவைக் கருவிகளைப் பிடிக்கப் பழகினார். அரசுப் பணிக் காலத்தில் கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தினார். 1976இல், 58ஆம் வயதில் ஓய்வுபெற்றதும், உடன்பிறந்தோரையும் உறவினரையும் சேர்த்துக்கொண்டு மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார்.

கண்புரையால் பார்வை இழந்தோர் லட்சக்கணக்கில் இருந்தனர். கண் அறுவை மருத்துவர்களோ மிகச் சிலர். மருத்துவர்களை உடனே பெருக்க வழியில்லை. ஆகவே இருக்கும் மருத்துவரின் நேரம் எங்கே வீணாகிறது என்று பார்த்தார்கள். அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அடுத்தடுத்துப் போடப்பட்டன. ஒன்றில் அறுவை நடக்கும்போதே, மற்றதில் அடுத்த நோயாளியின் கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவிகளை வரிசையாக எடுத்து வைத்து உதவியாளர்கள் ஆயத்தமாகிவிடுவார்கள். முதல் கண் முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைப் பக்கத்து மேசைக்குத் திருப்பி வேலையைத் தொடர்வார். கட்டுப் போட்டு நோயாளியை அழைத்துச் செல்வது உதவியாளரின் வேலை. இந்த உதவியாளர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இங்கேயே இரண்டாண்டு பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைகள் செய்யும் நிலை உருவானது. இது நாட்டின் சராசரியைப் போலப் பல மடங்கு. கட்டணம் செலுத்துவோர் தந்த வருமானம் இலவச சிகிச்சையைத் தாங்கியது. இரு பிரிவுகளிலும் அதே மருத்துவர்களே மாறி மாறிப் பணியாற்றினார்கள்.

அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. விசாரித்தபோது, பஸ் செலவும் சாப்பாடும் துணைக்கு வருபவரின் கூலி இழப்பும் தடையாக இருந்தது தெரிந்தது. முகாமிலிருந்து நோயாளியை வண்டியில் அழைத்துவந்து, உணவளித்து, திரும்பக் கொண்டுபோய் விடும் வழக்கம் இதனால் நிலைபெற்றது.

வில்லையைத் தாமே செய்தது

1980களில் இலவசப் பிரிவில் புரையை எடுத்த பிறகு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கொடுக்கப்பட்டது. அது உடைந்தாலோ தொலைந்தாலோ, அறுவை செய்துகொண்டவர் மறுபடியும் வழி தெரியாமல் தவிக்க வேண்டியதுதான். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை இதற்குத் தீர்வு; ஆனால் இறக்குமதி வில்லையின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. பணம் கட்டியவருக்கு வில்லை, ஏழைக்குக் கண்ணாடி என்ற வேறுபாடு மருத்துவமனைக்குள்ளேயே வந்துவிட்டது.

விலை தானாகக் குறையும் என்று அரவிந்த் காத்திருக்கவில்லை. பார்வையிழப்பைத் தடுக்கப் பாடுபடும் சேவா அறக்கட்டளை, சமூகத் தொழில்முனைவோர் டேவிட் கிரீன் ஆகியோரின் துணையோடு தொழில்நுட்பத்தைப் பெற்று, 1992இல் மதுரையில் ஆரோலேப் என்ற லாபநோக்கற்ற உற்பத்தி நிறுவனத்தை நிறுவியது. தொடக்கத்தில் பத்து டாலர் அளவில் இருந்த வில்லை விலை, பிறகு சில டாலர்களுக்கு இறங்கியது. தையல் நூல், கத்தி, மருந்து என்று உற்பத்தி விரிந்து, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கிறது.

வெளியிலிருக்கும் அறிவின் மதிப்பை உணர்ந்து, தனதாக்கிப் பயன்படுத்தும் ஆற்றலை மேலாண்மை ஆய்வாளர்களான வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் இருவரும் 1990இல் ‘உள்வாங்கும் திறன்’ என்று வரையறுத்தனர். அதற்கு முன்னறிவு வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அரவிந்திடம் அந்த முன்னறிவு அறுவை அரங்கில் சேர்ந்திருந்தது. வில்லை சரியாக அமைந்ததா என்பதை அன்றாடம் பொருத்துகிற மருத்துவர்களே சொல்ல முடிந்தது. அதே 1992இல் தொடங்கிய லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிறுவனம், இந்த நடைமுறைகளைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றது. கற்பிப்பதற்காக நடைமுறைகளை எழுத்தில் வடிக்க நேர்ந்ததால், அரவிந்துக்கும் தன் வேலை தெளிவாகப் புலப்பட்டது.

முகாமுக்கு வராதவர்கள்

1990களில் முகாம்களில் கூட்டம் நிரம்பியது. வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் அதுவே பெரும் வெற்றி. ஆனால் தமிழகக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண் குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்தனர் என்று காட்டியது. தனது முதன்மை வழிமுறையின் எல்லையை அரவிந்த் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

விடையாக வந்தவை 2004 முதல் திறக்கப்பட்ட பார்வை மையங்கள். ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒன்று என அமைந்த மையத்தில், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். நகரத்து மருத்துவர் வீடியோவில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். தேனிப் பகுதியில் இதற்கான நெடுந்தொலைவு வைஃபை இணைப்பை பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அமைத்தார்கள். எப்போதாவது வந்துபோகும் முகாமுக்குத் துணையாக, தினமும் திறந்திருக்கும் கதவு வந்தது.

அளந்து திருத்துதல்

2006இல் வெங்கடசாமி மறைந்தார். நிறுவியவர் போன பின்னும் புத்தாக்கத் திறன் நிலைத்தது என்பதற்கு ஒரு சான்று போதும். புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ்த்தொற்று வருவது அரிது. வந்தால் பார்வையே போகலாம். அறுவை முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தும் முறையை அரவிந்த் மருத்துவமனைகள் படிப்படியாக மேற்கொண்டன. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளை ஒப்பிட்ட முடிவு 2017இல் வெளியானது: தொற்று விகிதம் 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 ஆகக் குறைந்திருந்தது. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக நேரும் தீங்கில் மாற்றத்தை உறுதியாகக் காண, இவ்வளவு அறுவைகளும் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கான பதிவும் தேவை. வேகத்துக்காகத் தொடங்கிய ஒழுங்குமுறை, இப்படி அறிவைத் தரும் கருவியானது.

முடிவுரை

இந்த வரலாற்றை எல்லா நிறுவனங்களும் அப்படியே பின்பற்ற முடியாது. கண்புரை அறுவை ஒரே முறையில் திரும்பத் திரும்பச் செய்யத்தக்கது. குடும்ப உறவும் ஆன்மிகப் பற்றும் தொடக்கக் குழுவைக் கட்டிக்காத்தன. ஆயினும் மூன்று கூறுகள் பிற நிறுவனங்களுக்கும் பொருந்தும். தேவைப்படுவோர் தொகையோடு ஒப்பிட்டே தன் சாதனையை அளக்க வேண்டும். கண்டுபிடித்த குறைக்குப் பொறுப்பாளரையும் இடத்தையும் நிதியையும் ஒதுக்க வேண்டும். அன்றாட வேலையின் பதிவே ஆய்வுக்கு உதவும்படி அமைய வேண்டும். பயனாளிகளின் எண்ணிக்கையைக் காட்டி ஆண்டறிக்கை வெளியிடும் நம் மருத்துவமனைகளும் பள்ளிகளும் வங்கிகளும், எட்டாதவர்களின் எண்ணிக்கையையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும். அடுத்த புதுமை எங்கே தேவை என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும்.