எட்டு ஊர், ஒரே கூட்டம்

ஆன்லைனில் கூட்டம் போடுவது கொரோனா காலத்தில் வந்த பழக்கம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

1916 மே 16 அன்று அமெரிக்க மின் பொறியாளர் கழகம் நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா, அட்லாண்டா, சிகாகோ, டென்வர், சால்ட் லேக் சிட்டி, சான் பிரான்சிஸ்கோ என்று எட்டு ஊர்களில் ஒரே கூட்டத்தை நடத்தியது. ஊருக்கு ஓர் அரங்கம். மொத்தம் 5,000 பேருக்கு மேல், காதில் தொலைபேசிக் குழலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடம் 1915 ஜனவரியில்தான் திறக்கப்பட்டிருந்தது. முதல் ஊரில் இரவு எட்டரை என்றால் கடைசி ஊரில் மாலை ஐந்தரை!

படம் கிடையாது, குரல் மட்டும்தான். நியூயார்க்கிலிருந்து தலைமை வகித்த ஜான் கார்ட்டி, ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லி அழைத்து வருகைப்பதிவு எடுத்தார். யார் இருக்கிறார்கள் என்று உறுதியான பிறகுதான் மற்ற அலுவல். இடையில் கம்பித் தொடர்பை விட்டுவிட்டு, அந்தந்த ஊர் தன் அரங்கிலேயே தனியாகச் சொற்பொழிவு நடத்திக்கொண்டது, இசையும் இருந்தது. மாலை முழுக்கக் குழலைப் பிடித்தபடி யார்தான் உட்கார்வார்கள்? கார்ட்டி விவரமான மனிதர்.

இந்த வருகைப்பதிவைத்தான் 2020-ல் உலகமே மறந்தது. லிங்க் கிடைத்தவர்கள் எல்லாம் உள்ளே நுழைந்து வகுப்புகளிலும் கூட்டங்களிலும் அசிங்கம் செய்தார்கள். ஜூம் நிறுவனம் ஏப்ரல் 5 முதல் இலவசக் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்கும்படி வைத்தது.

அழைக்கப்பட்டவர்களே வந்தாலும் தொல்லை தீர்வதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் ஊராட்சிக் கூட்டத்தில், மன்றத் தலைவர் திரையில் தன் பெயருக்குப் பதிலாக ‘கிளார்க்’ என்று போட்டுக்கொண்டார். கூட்டத்தை நடத்திய ஜாக்கி வீவர் அவரை வெளியேற்றினார். யாருக்கு அதிகாரம் என்று நடந்த சண்டையை, பிறகு உலகமே வீடியோவில் பார்த்துச் சிரித்தது.

நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டு கம்பெனி விதிகள் இதை முன்பே யோசித்திருக்கின்றன. காணொலியில் இயக்குநர் கூட்டம் தொடங்கும்போது, ஒவ்வொருவரும் தம் பெயர், இருக்கும் இடம், தம்முடன் வேறு யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டையைப் பார்க்காமல் ஒரு செக்கையும் பாஸ் செய்யாத எனக்கு இது மிகவும் பிடித்த விதி.

நம் சங்கம் கம்பெனி அல்ல. அந்த விதி நம்மைக் கட்டாது. ஆனால் போன ஆன்லைன் பொதுக்குழுவில் லிஃப்ட் மாற்றும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் இரண்டு ‘ஐபோன்’, ஒரு ‘ரெட்மி’, ஒரு ‘அம்மா’ இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டில்தான் வீட்டுக்கு வீடு பணம் கட்டப்போகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிளாக், வீட்டு எண், பெயர் மூன்றையும் திரையில் போட்டுவிடுங்கள். செயலாளர் முதல் பத்து நிமிடம் ஏ பிளாக்கிலிருந்து வரிசையாகப் பெயர் கூப்பிடட்டும். வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று அப்போதே குறித்துக்கொள்ளலாம்.