திரும்பிப் போய்ச் சொல்லும் கடன்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் 'கண்டிகை' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் நிறைய. எங்கள் தேர்வாய் கண்டிகையும் அதில் ஒன்று. இன்று வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சிப்காட் தொழிற்பூங்கா. இன்னொன்று, 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 500 மில்லியன் கன அடி கொள்ளளவு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் வரிசையில் சென்னையின் குடிநீருக்கு இது ஐந்தாவது. இந்த இரண்டும் வருவதற்கு முன்பு இங்கே இருந்த ஒரு வழக்கத்தை எழுதி வைக்க விரும்புகிறேன். ஒருவருக்கொருவர் யோசனை கேட்கிற, சொல்கிற வழக்கம் அது.

அப்போது எங்களுக்குப் பேசுமிடம் மேய்க்கால் நிலம்தான். காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயும்வரை பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். பிள்ளைக்குச் சளி, மருமகளோடு சண்டை, எந்தச் சீட்டு நம்பிக்கையானது, எந்த மாட்டை விற்கலாம் என்று எல்லாவற்றையும் அங்கே பேசுவார்கள். நான் சிறுவனாக அம்மாவோடு போன நாட்களில் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் கறவை மாட்டுக்கு மடி வீங்கிவிட்டது. பால் திரிந்து வந்தது. அம்மா ஒரு வயதான பெண்ணிடம் போய் நின்றார்.

"ஆயா, மடி கல்லு மாதிரி ஆயிடுச்சு. கைய வெச்சா உதைக்குது."

"பாலை முழுசாக் கறந்து கீழ ஊத்திடு. சோத்துக் கத்தாழைய முள்ளு சீவிட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்து அரைச்சுப் பூசு. ஒருவாட்டி பூசிட்டு வுட்டுடாத. காயக் காயக் கழுவிட்டுப் பூசணும்."

ஆறாம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது. என் வயதுக்கு அதோடு கதை முடிந்தது. அம்மாவுக்கு முடியவில்லை. அன்று ஆயா மேய்ச்சலுக்கு வரவில்லை என்று தெரிந்ததும், என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே நடந்தார். "மாடு தேறிடுச்சு ஆயா. ஆனா மொத நாளு சுண்ணாம்பு சாஸ்தியாப் போட்டுட்டேன். காம்பு வெடிச்சிடுச்சு. மறுநாளு கொறைச்சேன், அப்புறம் எரிச்சல் இல்ல." ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். "அளவு சொல்லாம வுட்டது என் தப்புதான்" என்றார். அதன் பிறகு யார் கேட்டாலும் அவர் சொன்ன மருந்தில் ஒரு வார்த்தை கூடியது: "சுண்ணாம்பு கொட்டப்பாக்கு அளவு போதும்."

ஆயாவின் வைத்தியத்தில் அன்று என் அம்மாவின் அனுபவமும் சேர்ந்துவிட்டது. போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த மாட்டுக்கும் காம்பு வெடித்திருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து, தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ந. புண்ணியமூர்த்தி மரபு வைத்தியத்தைத் தொகுத்து, சோதித்து, அளவு போட்டுக் கொடுத்ததைப் படித்தேன். மடிநோய்க்கு அவர் சொல்வது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். முழுவதும் கறந்துவிட்டு, கழுவிக் கழுவி, ஒரு நாளில் பல முறை, ஐந்து நாட்கள் பூச வேண்டும். தேசியப் பால்வள வாரியமும் இந்த முறையை நாடெங்கும் பரப்புகிறது. அந்தப் 15 கிராமைப் பார்த்ததும் எனக்குக் கொட்டைப்பாக்குதான் நினைவுக்கு வந்தது.

மேய்க்காலில் அம்மா என்றால், பஞ்சாயத்து ரேடியோவில் என் நைனா. சென்னையில் வானொலி 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய சங்கத்தோடு பிறந்தது. 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அந்தக் குரல் ஊர்ப் பொதுப் பெட்டி வழியாகத்தான் எங்களைப் போன்றவர்களை எட்டியது. சாயங்காலம் பூட்டைத் திறந்து பெட்டியைத் திருப்பி விடுவது நைனாவின் வேலை. விவசாய நிகழ்ச்சி முடிந்ததும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். சொன்ன உரம் நம் மண்ணுக்கு ஆகுமா, சொன்ன மருந்து எத்தனை டேங்குக்கு என்று பேச்சு நீளும். தீராத சந்தேகங்களை நைனா பதினைந்து பைசா போஸ்ட் கார்டில் வானொலி நிலையத்துக்கு எழுதிப் போடுவார்.

வானொலியைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதை ஒரு திட்டமாகவே செய்து பார்த்த வரலாறு உண்டு. 1956இல் யுனெஸ்கோ உதவியோடு மகாராஷ்டிரத்தில் 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்கள் அமைத்தார்கள். வாரம் இரண்டு என்ற கணக்கில் 20 நிகழ்ச்சிகள். ஊரில் ஒரு குழு கூடிக் கேட்கும், கேட்டபின் விவாதிக்கும், அதில் எழுந்த கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பும். பதில் பின்னால் வரும் நிகழ்ச்சியில் ஒலிக்கும். 1959இல் இது நாடு முழுவதற்கும் விரிந்தது. சும்மா கேட்டுவிட்டுப் போனவர்களைவிட, கூடிப் பேசியவர்கள் அதிகம் தெரிந்துகொண்டார்கள் என்று மகாராஷ்டிர மன்றங்களைப் பற்றிய ஆய்வு காட்டியது. என் நைனாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் அவர் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

தஞ்சாவூர்க்காரர்களிடம் 'ரேடியோ நெல்' என்றால் பெரியவர்களுக்குப் புரியும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகம் 1960களின் நடுவில் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. ரகத்தின் எண் யார் வாயிலும் நிற்கவில்லை. ரேடியோ சொன்ன நெல் என்பதால் ரேடியோ நெல் ஆனது. சொன்னவர் பெயரையே நெல்லுக்கு வைத்தது, விளைச்சல் கண்ட சனங்கள் கொடுத்த பதில் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரேடியோ செய்த வேலையைப் பிறகு இணையமும் செய்தது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்கள் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். ஊர் இடம் கொடுக்க வேண்டும், தொண்டர்களும் ஊரிலிருந்தே வர வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் கடலில் அலை எவ்வளவு உயரம் வரும் என்பதை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொன்னது சரியா என்று கடலுக்குப் போனவருக்கு அன்றே தெரிந்துவிடும்.

2004 டிசம்பர் 26 காலை. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள நல்லவாடு மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊரார் அறிவு மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் எல்லோரையும் கடற்கரையை விட்டு ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சனங்கள் பிழைத்தார்கள். ஒரு குரல் 'ஓடு' என்றதும் ஊரே ஓடியது எப்படி? அந்த ஒலிபெருக்கியின் சொல்லை அதற்கு முன்பே அவர்கள் தினமும் உரசிப் பார்த்திருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றும் காரணம்.

அதே 2004 ஜனவரியில் விவசாயிகளுக்கான கிசான் கால் சென்டர் வந்தது. 1800-180-1551க்குப் போன் போட்டால் நம் மொழியிலேயே யோசனை சொல்வார்கள். நல்ல ஏற்பாடு. நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதில் என் ஒரு காதில் மட்டும் விழுகிறது. பலித்ததா, பொய்த்ததா என்பது பக்கத்து வயல்காரருக்குத் தெரிய வேண்டும் என்றால் நான்தான் வாய் திறக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட்டுக்குப் போனது. அது மேய்க்கால் என்று ஊரார் பல ஆண்டுகள் போராடினார்கள். பிறகு தொழிற்சாலைகள் எழுந்தன. மாடு குறைந்தது. கூடிப் பேசும் இடம் இப்போது ஷிப்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிழலும் அதன் பக்கத்து டீக்கடையும். பி.எஃப். பணம் எடுப்பது எப்படி, எந்தக் காண்டிராக்டர் சம்பளத்தைத் தேதிக்குக் கொடுக்கிறார், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று வேலைக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள். பெரியவர்களும் அனுபவப்பட்ட இளைஞர்களும் சொல்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களும் அரைகுறைத் தமிழில் கேட்கிறார்கள். அவர்களுக்கும் பதில் கிடைக்கிறது. கேட்கிற பழக்கமும் சொல்கிற மனசும் எங்கும் போய்விடவில்லை.

காணாமல் போவது ஒன்றுதான், திரும்பி வருவது. யோசனை வாங்கிய பிள்ளை பஸ் ஏறிப் போகிறான். வேலை முடிந்ததா, அலைந்து திரிந்து ஏமாந்தானா என்று சொன்னவருக்குத் தெரிவதில்லை. அதனால் அவர் அடுத்தவனுக்கும் அதையே சொல்கிறார். தப்பான யோசனை இப்படித்தான் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கடைசியாக நீங்கள் யாரிடம் யோசனை கேட்டீர்களோ, அவரிடம் இந்த வாரம் போங்கள். பலித்தது என்றால் பலித்தது என்று சொல்லுங்கள். காம்பு வெடித்தது என்றால் அதையும் சொல்லுங்கள்.